மேல் அம்புக்குறி

ஜூடித் எண்டரைத் தட்டினாள். திரையில் மறுபடியும் அதே சிவப்பு வரி. டேட்டாபேஸ் தொடர்பு அறுந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம்மா பூஜை பண்ணுவே?" மேஜை போனின் ஸ்பீக்கரில் முதலாளி ஹரிஷ்குமார் சீறினார். "கஸ்டமருங்க என் சட்டையைப் பிடிக்கறாங்க."

"உள்ளயே விடமாட்டேங்குது சார். சர்வர் பாத்துக்கற யூஜினும் போன் எடுக்கல."

"முடியலன்னா சொல்லிடு. உன் சீட்டுக்கு ஆளா இல்ல?" வைத்துவிட்டார்.

அபார்ட்மெண்டுகளுக்கு எலெக்ட்ரானிக் பூட்டு போடும் கம்பெனி அது. தொடர்பு போனால் எல்லாப் பூட்டும் பூட்டியபடியே நிற்கும்; உள்ளேயிருந்தும் திறக்காது. திருட்டுக்குப் பயந்து ஹரிஷ்குமார் செய்த ஏற்பாடு. ஊழியர் சலுகையில் ஜூடித்தும் தன் மர்பி டவுன் வீட்டுக்கு ஒன்றை, வாசல் கேமராவோடு, மாட்டியிருந்தாள். அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது அவள் மகள் ஷைனி, தனியாக, வீசிங்கோடு. இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்தது. புதிது வாங்க எதிர்வீட்டு வீணா கடைக்கு ஓடியிருந்தாள்.

சனிக்கிழமை. ஆபீஸில் வேறு யாரும் இல்லை. மதியமே இருட்டிக்கொண்டு வந்த மழை கண்ணாடிச் சுவரில் வழிய, ஈரக் கார்ப்பெட்டின் புழுங்கிய வாடைக்கு நடுவே, மேஜையில் கிடந்த செல்போனிலிருந்து மகளின் மூச்சு மட்டும் கிழிந்த பலூன்போல இரைத்துக்கொண்டிருந்தது.

"மம்மி... யாரோ... கதவைத் தட்டறாங்க."

"வீணா ஆன்ட்டிதான்டா. மருந்து கொண்டாந்திருப்பாங்க. நீ பேசாத."

பழைய கட்டளையைத் திரும்ப டைப் செய்ய அந்த டீமில் யாருக்கும் பொறுமை கிடையாது. மேல் அம்புக்குறியைத் தட்டினால், கடைசியாக அடித்த வரி தானாக வந்து நிற்கும், படிக்காமலே எண்டர். எல்லோருக்கும் ஒரே பொது லாகின்; யார் எங்கிருந்து அடித்த வரியும் அதில் வரும்.

தட்டினாள். வந்த வரியைப் பார்த்து விரல் நின்றது.

அவள் வீட்டுப் பூட்டு எண். பக்கத்தில்: திற.

இதை அவள் அடிக்கவில்லை.

அதைத் தாண்டிப் போய், இணைப்புக் கட்டளையை ஓட்டினாள். சிவப்பு வரி. மறுபடி மேல் அம்புக்குறி. மறுபடி அவள் வீட்டு எண். திற. அவளுடைய வரிக்குப் பிறகு, புதிதாக.

யூஜின்! போனை எடுக்காவிட்டாலும் எங்கோ உட்கார்ந்து அவள் வீட்டைத்தான் திறக்கப் பார்க்கிறான். நல்ல பையன். கண் கலங்கியது.

செல்போனில் தட்டும் சத்தம். நிதானமாக. மழையை மீறி.

"வீணா ஆன்ட்டியான்னு கேளுடா."

"கேட்டேன்... பதிலே... இல்ல."

மூச்சு மெலிந்தது. ஜூடித்துக்குச் சட்டென்று பேக்கப் சர்வர் நினைவு வந்தது. யாரும் தொடாத பழைய வழி. முகவரியை மாற்றி அடித்தாள். திரை யோசித்தது.

பச்சை வரி. இணைந்தது.

மேல் அம்புக்குறி. அவள் வீட்டு எண். திற. எண்டர்.

மேஜை போன் அலறியது. யூஜின்.

"அக்கா! இப்பதான் டவர் கெடச்சது. கனெக்ஷன் தானா போகல, நான்தான் கட் பண்ணேன். திரும்பக் குடுத்துடாதீங்க!"

"ஏன்டா? நீதானே என் வீட்டைத் திறக்க..."

"நான் எதுவும் அடிக்கல அக்கா. யாரோ அடிச்சுக்கிட்டே இருக்காங்க. எங்கேர்ந்துன்னே தெரியல. உங்க வாசல் கேமராவைப் பாத்தேன்..." குரல் உடைந்தது. "நீங்க எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்ல."



செல்போனில் பூட்டு விலகும் சத்தம். கதவின் கிரீச். ஈரக் காலடிகள்.

"மம்மி!" ஷைனி அழுதுகொண்டே சிரித்தாள். "அதுக்குள்ள வந்துட்டியா!"

பிறகு, செல்போனுக்கு மிக அருகே, கொஞ்சலாக, ஜூடித்தின் குரல் பேசியது.

"போனை வச்சுடுடா செல்லம்."