ஏழாவது விசில்

முற்பகல் பதினொரு மணிக்குக் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு வந்த அழைப்பில் பேச்சே இல்லை. ரேடியோ பாட்டும் குக்கர் விசிலும்தான் கேட்டன. மற்ற அழைப்புகள் காத்திருந்தும், எடுத்த பெண் காவலர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. "பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்," என்றாள்.

ரோந்து வண்டியிலிருந்த ஆய்வாளருக்கும் அந்த ஒலியை அனுப்பினாள். ஃபோன் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியவில்லை. மூன்று தெருக்களில் ஏதோ ஒன்று. வண்டி ஓட்டிய காவலருக்குப் பட்டப்பெயர் 'அவசரம்'. பையில் கிடந்த ஃபோன் தானாக அழுந்தியிருக்கும், இல்லையென்றால் வீட்டில் திருடன், அப்படியானால் சத்தமில்லாமல்தான் போகவேண்டும் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான்.

நான்காவது விசில் கேட்டது.

"சைரனைப் போடு," என்றார் ஆய்வாளர். பிறகு ஒயர்லெஸ்ஸில் பெண் காவலரிடம், "ஆம்புலன்சுக்கும் சொல்லிடும்மா."

"ஐயா, திருடன் உஷாராயிடுவான்."

"திருடன் இல்லப்பா. இருந்தா அக்கம்பக்கம் எட்டிப் பாக்கும்னு முதல்ல குக்கரைத்தான் அணைப்பான். பையில கிடக்கிற ஃபோன்ல பாட்டு இவ்வளவு தெளிவா கேக்காது. நாலு விசில் ஆச்சு, யாரும் எழுந்து போகல. எழுந்திருக்க முடியாதவங்க யாரோ தனியா கிடக்காங்க."

"அதுக்குச் சைரன் எதுக்குங்க?"

"நம்ம சைரன் அந்த ஃபோன்ல கேக்கும்."

அவசரம் வண்டியை விரட்டினான். முதல் தெருவில் ஃபோனில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதில் மெல்லக் கேட்டது. மூன்றாவதில் திரும்பியதும் பெண் காவலர் கத்தியேவிட்டாள்: "ஐயா, காதைப் பிளக்குது!"

சைரனை நிறுத்தினார்கள். எதிரும் புதிருமாக நான்கு வீடுகள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏழாவது விசில் நீலக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"உடை," என்றார் ஆய்வாளர். அவசரம் தோளால் மோதினான்.

தையல் இயந்திரத்தின் அடியில் ஓர் அம்மாள் வாய் கோணி விழுந்து கிடந்தார். இடது கைக்குப் பக்கத்தில் ஃபோன். அதில் அந்தக் குரல் இன்னமும் பேசிக்கொண்டிருந்தது.

ஆறு வாரம் கழித்து, மகனின் தோளைப் பிடித்தபடி அவர் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். கூட வந்த அவசரம் ஆய்வாளரின் மூளையைப் புகழ்ந்து தள்ளினான். அம்மாள் கைகூப்பிவிட்டுத் தட்டுத்தடுமாறிக் கேட்டார்: "ஒரு பொண்ணு... பேசிட்டே இருந்துச்சே?"

மூலையில் இருந்தவள் எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். "உட்காருங்கம்மா."

அம்மாள் உட்காரவில்லை. கண்களை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லு," என்றார்.