எழில் அழுத்திய பொத்தான்

சிவகாசிக்குப் பக்கத்து விஸ்வநத்தத்தில் எழிலின் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில்தான் அவளுடைய அம்மா இசைவாணி பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவாள். பக்கத்தில் நின்ற ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் பழைய விண்டோஸ் எக்ஸ்பியோடு மட்டும்தான் ஒத்துப்போகும். அதனால் கம்ப்யூட்டரை மாற்ற வழியில்லை.

போன வருடம் ஹார்ட் டிஸ்க் பழுதானபோது, மெக்கானிக் புகழேந்தி அதைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி. என்ற உள்ளங்கை அளவுப் பெட்டியைப் பொருத்தினார். மயில், ராக்கெட், பூச்சட்டி என்று அம்மா வரைந்த படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை.

கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டர் திணறியது. படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, அம்மா அடுப்படிக்குப் போய்க் குழம்பைத் தாளித்துவிட்டே வந்துவிடுவாள். சீசன் நேரம் வேறு.

அன்று சனிக்கிழமை. மாதிரி லேபிள்களைக் காட்ட அம்மா சிவகாசிக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் கம்ப்யூட்டரைச் சரிசெய்து வைக்கலாம் என்று ஆறாவது படிக்கும் எழிலுக்கு ஆசை. சிதறிக் கிடக்கும் கோப்புகளை அடுக்கினால் வேகம் கூடும் என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்திருந்தாள். அதற்கான ‘டிஃப்ராக்’ பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தினாள். திரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஓடத் தொடங்கின.

ஒன்பதாவது படிக்கும் அண்ணன் செழியன் அவித்த கடலையோடு வந்தான். திரையைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

“எழிலு, என்ன செஞ்ச?”

“எல்லாத்தையும் அடுக்கி வைக்கேன்.”

“இது பழைய டிஸ்க்குக்குத்தான். எஸ்.எஸ்.டி.யில ஓட்டவே கூடாதுன்னு புகழேந்தி அண்ணன் அம்மாகிட்ட சொன்னாக. சும்மா சும்மா எழுதி அழிச்சா தேஞ்சு போயிருமாம்.”

எழில் வெடுக்கென்று திரும்பினாள். “அம்மா படமெல்லாம்?”

“எனக்கென்ன தெரியும்? நகரு, ப்ளக்கைப் பிடுங்கிர்றேன்.”

“வேண்டாண்ணே.” அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இப்ப அது படத்தை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்திக்கிட்டு இருக்கு. பாதியில அணைஞ்சா இங்கனயும் இருக்காது, அங்கனயும் இருக்காது.”

‘நிறுத்து’ என்ற இடத்தில் அழுத்தினாள். கோடுகள் உடனே நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைக்குமேல் ஓடிய விசிறி மெதுவானது. கரண்ட் போய்விட்டது. மேசைக்கு அடியில் யு.பி.எஸ். ‘கீ... கீ...’ என்று கத்தத் தொடங்கியது.

“எம்புட்டு நேரம் தாங்கும்?”

“பழைய பேட்டரி. சோறு வடிக்கிற நேரம்கூடத் தாங்காது,” என்றான் செழியன்.

கீகீ சத்தம் நெருக்கமானது. எழிலுக்கு ஓடிப்போய் அடுத்த வீட்டில் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. ஆனால் அவள் அசையவில்லை.

ஒருவழியாகக் கோடுகள் நின்றன. அவசரப்படாமல், முறைப்படி கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னாள். நீலத் திரை வந்து, அப்படியே நின்றது. பிறகு இருட்டானது.

“தானா அணைஞ்சுச்சா, பேட்டரி செத்துச்சா?” என்று கேட்டான் செழியன்.

எழில் காதைக் கொடுத்துக் கேட்டாள். யு.பி.எஸ். இன்னும் கத்திக்கொண்டிருந்தது. “தானாத்தான் அணைஞ்சிருக்கு.”

ஆனாலும் உள்ளே படங்கள் இருக்கின்றனவா? புகழேந்திக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை. இருவரும் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் யாரோ வெடி போட்டுப் பார்த்தார்கள். எழில் திடுக்கிட்டு எழுந்தாள். கடலை ஆறிப்போனது.

கரண்ட் வந்ததும் எழில் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கியது.

மெல்ல, மிக மெல்ல, விண்டோஸ் கொடி தெரிந்தது. மயில் திறந்தது. ராக்கெட்டும் திறந்தது.

“தப்பிச்சோம். அம்மாகிட்ட மூச்சு விடாத,” என்றான் செழியன்.

எழில் தலையை ஆட்டி மறுத்தாள். முதல் வேலையாகப் பென் டிரைவைச் செருகி, ஒவ்வொரு படமாக நகல் எடுத்தாள். நொடிக்கொரு தரம் விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

அம்மா வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் புகழேந்தியைக் கூப்பிட்டாள். இப்போது கிடைத்தார்.

“ஒருவாட்டி ஓடினதுக்கெல்லாம் செத்துராதுக்கா,” என்றது போனில் அவர் குரல். “டிஸ்க் ரொம்பி வழியுது, அதான் திணறுது. எந்த இடம் காலியாச்சுன்னு எஸ்.எஸ்.டி.க்குச் சொல்ல அந்தப் பழைய விண்டோஸுக்குத் தெரியாது. நாளைக்கு வந்து, அதுக்குண்டான சாஃப்ட்வேரை ஓட்டிச் சுத்தம் பண்ணுதேன். வேண்டாததை அழிக்கணும். படத்துக்கெல்லாம் நகல் வச்சிருக்கீகளா?”

இத்தனை நாளும் அம்மா நகல் எடுத்ததே இல்லை.

எழில் பென் டிரைவை நீட்டினாள்.

“இருக்கு,” என்றாள் அம்மா போனில். பிறகு எழிலின் கையைப் பிடித்தாள். “ரொம்பப் பயந்துட்டியா? கை இன்னும் ஜில்லுன்னு இருக்கே.”

எழிலுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். “கேக்காம எதையும் அழுத்தாத. ஆனா இனிமே நகல் எடுக்கிற வேலை உன்னோடதுதான்.”

“எனக்கு என்ன வேலை?” என்று கேட்டான் செழியன்.

“நீ ப்ளக்குப் பக்கம் போகாம இருலே, அது போதும்.”

செழியன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அழுதுகொண்டே சிரித்தாள் எழில்.