விருப்பப்பட்டுத்தான் சேர்ந்தேன்

தினைக்கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை யாரும் தொடவில்லை. கெச்சின் அக்கா குடும்பத்தின் அமெரிக்கக் குடியேற்றப் படிவத்தை மேஜைமேல் விரித்து, ஒரு கேள்வியின் மேல் விரலை அழுத்திக்கொண்டு அக்காவை முறைத்தான்.

"கம்யூனிஸ்ட் கட்சியில எப்பவாவது இருந்தீங்களான்னு கேக்குறான். உன் புருஷனுக்கு இல்லைன்னு போடுக்கா! முப்பது வருஷத்துக்கு முன்னால சீனாவுல, ஷென்யாங் ஃபேக்டரியில நடந்ததை எவன் நியூயார்க் வந்து தோண்டப்போறான்?"

"பொய் எழுத மாட்டேன்டா தம்பி" என்றாள் லான்ஜி.

"நீ எழுத மாட்டே... நான் வக்கீல் முன்னால தலை குனியணும்! நம்ம அப்பாவைத் தண்டனைப் பண்ணைக்கு அனுப்பி, இருமி இருமிச் சாகடிச்ச கட்சிக்கா அது! நான் பிளேன் ஏறின அதே வருஷம் அதுல போய்ச் சேர்ந்தாரே, கூசலையா அவருக்கு?"

அவர் என்பது சுவரோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெய்ஜோங்தான். ஒரே அறையில் இருக்கும் மனிதரைப் பற்றி, அவர் ஊரில் இல்லாததுபோல் பேசுவது கெச்சினின் வழக்கம். பெய்ஜோங் நிமிரவில்லை. உரித்த பூண்டையே மறுபடியும் உரித்தார்.

தம்பி லான்ஜிக்காக விண்ணப்பம் போட்டு, பதிமூன்று வருஷம் காத்திருந்து, இப்போதுதான் முறை வந்திருக்கிறது. ஷென்யாங் வீட்டையும் விட்டாயிற்று. கணவருக்கு அனுமதி மறுத்துவிட்டால் அவர் தனியாகத் திரும்ப வேண்டும். அறுபத்தெட்டு வயதில், போன வருஷம்தான் இதயத்தில் ஆபரேஷன் ஆன மனிதர்! அவரை அனுப்பிவிட்டு இங்கே அவளால் இருக்க முடியுமா? ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் தம்பியின் வாய் அடைபடும். ஆனால் சொல்லக் கூடாது என்று அவர் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாரே...

பத்து மணிக்கு மூவரும் வக்கீல் அலுவலகத்தில் இருந்தார்கள். லியாவ் என்ற அந்தப் பெண் வக்கீல் நயமாகத்தான் பேசினாள்.

"இருந்தேன்னு எழுதினா காரணம் சொல்லி வாதாடலாம் ஐயா. மறைச்சு மாட்டினா மன்னிப்பே கிடையாது. நீங்க விலகியும் ரொம்ப வருஷம் ஆச்சு, நல்லது. ஏன் சேர்ந்தீங்க? கட்டாயமா, பிழைப்புக்கா?"

"விருப்பப்பட்டுத்தான் சேர்ந்தேன்" என்றார் பெய்ஜோங்.

வக்கீலின் பேனா நின்றது. "அப்படிச் சொன்னா கஷ்டம் ஐயா. சரி, ஏன் வெளியே வந்தீங்க?"

"நீக்கிட்டாங்க. என் தப்பு."

"பாத்தியாக்கா? உத்தமர் வாயாலேயே கேட்டுக்கோ!" என்றான் கெச்சின்.

லான்ஜி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"போதும்! முப்பது வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தது போதும்!"

"லான்ஜி... வேண்டாம்" என்றார் பெய்ஜோங்.

"நீங்க சும்மா இருங்க! உங்க சத்தியத்தை நான் மீறறேன், அந்தப் பாவம் என் தலையில விழட்டும். டேய் தம்பி, உனக்கு பாஸ்போர்ட் எப்படிக் கெடச்சுதுன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? தண்டனை வாங்கினவர் மகன் நீ. கட்சிக்காரன் ஒருத்தன் உனக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டாத்தான் முத்திரை குத்துவேன்னான் ஃபேக்டரி கட்சிச் செயலாளர். நம்ம குடும்பத்துல எவன்டா கட்சிக்காரன்? இவரு போய்ச் சேர்ந்தாரு. உனக்காக!"

எழப் போன கெச்சினைக் கையமர்த்தினாள் லான்ஜி.

"மறு வருஷம் நீ இங்க சீனத் தூதரகத்து வாசல்ல கட்சியை எதிர்த்துக் கொடி பிடிச்சே. உன் போட்டோ எங்க ஃபேக்டரி வரைக்கும் வந்துச்சு. 'என் மச்சான் துரோகி'ன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடு, விட்டுடறோம்னாங்க. மாட்டேன்னுட்டாரு. அதுக்குத்தான் நீக்கினாங்க. அதுக்கப்புறம் பதினேழு வருஷம் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டாருடா... இன்ஜினியருக்குப் படிச்ச மனுஷன்!"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஏன் சொல்லலை?" என்று கெச்சின் கேட்டது அவனுக்கே கேட்டிருக்காது.

பெய்ஜோங் அவனைப் பார்க்காமல் பதில் சொன்னார். "நீ இங்க ஒண்டியா இருந்தே. சாப்பிட்டியோ இல்லையோ. இதையும் சுமக்கணுமா? என்மேல கோபமா இருந்தா உனக்கு ஒரு தெம்பாவது இருக்கும்னு நெனச்சேன்."

"வேற இன்னும் என்னக்கா எனக்குத் தெரியாது?" கெச்சின் அக்காவின் பக்கம் திரும்பினான். கண்ணில் நீர் கோத்திருந்தது. "அம்மா போனப்ப என்னால வர முடியலை... மகன் உடைக்கவேண்டிய மண்சட்டி. அதை உடைக்காமலேதான் அனுப்பினீங்களா?"

லான்ஜி தம்பியின் பக்கம் நகர்ந்தாள்.

"சவ ஊர்வலம் கெளம்பறப்ப இவரு சட்டியைத் தலைக்கு மேல தூக்கினாரு. மருமகன் உடைக்கக் கூடாதுன்னு சித்தப்பா தடுத்தாரு. 'நான் உடைக்கலை, கெச்சின் உடைக்கறான்'னாரு. தெருவே கேக்கற மாதிரி உன் பேரைச் சொல்லி உடைச்சாரு... அந்தக் கரி அள்ளின கையாலதான்டா."

கெச்சின் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்து பெய்ஜோங்கின் முழங்காலில் முகத்தைப் புதைத்தான். ஐம்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை வாய்விட்டு அழுதான். பெய்ஜோங்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை அவன் தலைமேல் வைப்பதா, எடுப்பதா என்று தவித்து, கடைசியில் வைத்தார்.

லான்ஜி விழுந்த நாற்காலியை நிமிர்த்தினாள்.

"இது எடுபடுமா அம்மா?" என்று வக்கீலைக் கேட்டாள்.

"உறுதி சொல்ல முடியாதும்மா. ஃபேக்டரி காகிதம் எதுவும் இருக்காது. சாட்சி வேணும். யார் சொல்லுவாங்க?"

கெச்சின் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நான் சொல்றேன். எழுதுங்க. இவர் சேர்ந்தது எனக்காக, இவரை நீக்கினது என்னால. அதிகாரி முன்னால வந்து இதைச் சொல்றேன். இவரை அனுப்பினா, அத்தானோட நானும் போறேன்னு எழுதுங்க."