நாற்பத்தொரு ‘சரி’

எதிர்மனுவின் இருபத்து மூன்றாம் பக்கத்தில் தான் சொல்லாத ஒரு ‘சரி’ இருப்பதைப் பார்த்தபோது, அது தட்டச்சுப் பிழை என்றுதான் அமுதவல்லி முதலில் நினைத்தாள். கொண்டையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவை உருவி அதைச் சுழித்தும் விட்டாள். பதினோரு வருஷமாகக் கோர்ட்டுக்கு எதிரே மனு அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை. எதிராளியின் காகிதமானாலும் பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

அடுத்த பக்கத்திலும் ஒரு ‘சரி’. அதற்கடுத்ததில் மூன்று. மொத்தம் நாற்பத்தொன்று.

விவாகரத்து வழக்கில் அவள் புருஷன் வெற்றிவேல் தாக்கல் செய்த காகிதம் அது. பிரிந்து போய் ஏழு மாதம் ஆகியும், அவள் வீட்டுக்குள் பேசுவதை எப்படியோ ஒட்டுக்கேட்டு, பென்டிரைவில் ஏற்றி, வரிவரியாக எழுதியும் கொடுத்திருந்தான். அமுதவல்லிக்கு எதையும் வாய்விட்டுப் படிக்கும் வழக்கம். கடையில் அப்படித்தான் ஒத்துப் பார்ப்பார்கள். அவள் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி ஒரு வரியைப் படிப்பாள். மூலத்தைக் கையில் வைத்திருக்கும் முருகையன் ‘சரி’ என்பார். தப்பு இருந்தால் அவர் வாயே திறக்க மாட்டார். முருகையன் சும்மா இருந்தாலே வரி தப்பு என்று அர்த்தம்.

வீட்டில் ‘சரி’ சொல்ல ஆள் கிடையாது. தன் மனுவை அவள் தனியாகத்தான் படித்துப் பார்த்தாள். காகிதத்திலோ அவள் படித்த வரிகளுக்குக் கீழே ‘மற்றொரு பெண்: சரி’ என்றிருந்தது.

வக்கீல் ஜோசெத் பென்டிரைவை ஓடவிட்டுக் கேட்டார்.

“யாரும்மா இது?”

“யாருமில்ல மதாம். நானும் பாப்பாவுந்தான். அவன் வேற கொரல ஒட்டியிருப்பான்.”

ஜோசெத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திருட்டுத்தனமா பதிஞ்சதுன்னு சொன்னாலே முன்ன பாதி வேலை முடிஞ்சிடும். இப்ப புருஷன் பொஞ்சாதி வழக்குல அதையும் கோர்ட் காது குடுத்துக் கேக்குது. மொகம் தெரியாத ஒருத்திய வீட்ல வெச்சிருக்கா, பொண்ண என்கிட்ட குடுங்கன்னு கேக்கறான். புதன்கிழமை விசாரணை. அதுக்குள்ள அந்த மைக்கத் தேடி எடு. ஒடைச்சிடாத.”

“மைக்க ஒடைக்க மாட்டேன் மதாம். அவன் மூக்க வேணா ஒடைக்கிறேன்.”

“அத தீர்ப்புக்கு அப்புறம் வெச்சுக்க.”

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தாள். எட்டு வயசுத் துர்காவைப் பள்ளி வேன் நாலு மணிக்குத்தான் கொண்டு வந்து விடும். பக்கத்துப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்திய கட்டிங் மிஷின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அது நின்றதும் தெருவே காதைப் பொத்திக்கொண்ட மாதிரி அடங்கிப்போயிருந்தது. குருசுக்குப்பம் பக்கமிருந்து வந்த காற்றில் கருவாட்டு வாடையும், பூட்டிக் கிடந்த அறைகளின் புழுக்கமும், இவை இரண்டிலும் சேராத இன்னொன்றும், ஈரம் காயாத மையின் மணம் போல, லேசாகக் கலந்து வந்தது. கடை மணம் சேலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒழுங்காகத் தேடினாள். வாசற்கதவைத் தாழிட்டு, ஹாலில் தொடங்கி இடமிருந்து வலமாக, பிளக்குகள், மின்விசிறிக் கிண்ணம், சாமி படங்களின் முதுகு என்று ஒன்று விடாமல். மூன்றேகால் மணிக்குக் கிடைத்தது. துர்காவின் பிறந்தநாளுக்கு வெற்றிவேல் அனுப்பிய படிப்பு விளக்கின் அடித்தட்டுக்குள், சிம் கார்டு போட்ட தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி. விளக்கின் ஒயரைப் பிடுங்கினாள். சிம்மையும் பேட்டரியையும் கழற்றிக் கவரில் போட்டு, தேதியும் நேரமும் எழுதினாள்.

போன் அடித்தது. வெற்றிவேல்.

“என்னா, கேட்டுக்கினே இருந்தியா? பொண்ணுக்குக் குடுத்த லைட்ல காத வெச்சி அனுப்பிச்சியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?”

“அப்பறமா திட்டு அமுதா. அந்தப் பொம்பள யாரு?”

“நீ ஒட்டின கொரலுக்கு என்கிட்ட பேரு கேக்கறியா?”

“நான் ஒட்டல. பாப்பா மேல சத்தியமா ஒட்டல. நீங்க ரெண்டு பேரும் போய் வீடு பூட்டிக் கெடக்கறப்பவும் அது படிக்குது. உன் மனுவ. புள்ளி, கமா எல்லாம் சொல்லிச் சொல்லி. இன்னிக்குக் காலைலேருந்து பாப்பா பேரு வர்ற எடத்துலயே நின்னு, திரும்பத் திரும்ப... வெளிய வந்துடு அமுதா.”

“வெளிய வந்தா வீட்ட விட்டு ஓடிட்டான்னு நாளைக்கு அதையும் எழுதுவ. போடா.”

துண்டித்தாள். அவன் குரல் நடுங்கியதை நடிப்புக் கணக்கில் சேர்த்தாள்.

நடிப்புதானே? சோதித்துப் பார்த்துவிடலாம். சிவப்புப் பேனாவைக் கொண்டையில் இன்னும் அழுத்திச் செருகினாள். மனுவை மேஜையில் விரித்துவைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மனுதாரர் தமது சொந்த உழைப்பில் குடும்பத்தைப் பராமரித்து வருகிறார். முற்றுப்புள்ளி.”

சுவர்க் கடிகாரம் ஓடியது. பட்டறை ஓடவில்லை. மை மணம் கூடியிருந்தது.

அவளுக்குப் பின்னால், கழுத்தில் மூச்சுப்படும் நெருக்கத்தில், சலிப்பான, வேலைப் பழக்கமுள்ள குரல்.

“சரி.”

கால்கள் வாசலுக்குப் போகச் சொல்லின. அவள் போகவில்லை. ஒன்பது வருஷம் ஒருவனுக்குப் பயந்து இருந்தாயிற்று. இன்னொரு முறை இந்த வீட்டில் பயப்படுவதில்லை என்று சொல்லித்தான் இந்த மனுவையே அடித்தாள்.

“படிக்கிறேன், கேட்டுக்க,” என்றாள் திரும்பாமலே. அடுத்த வரியை இன்னும் உரக்கப் படித்தாள்.

“சரி.”

அதற்கடுத்த வரி. சரி. அதற்கடுத்தது. சரி.

ஏழாவது பத்தி.

“மேற்படி விலாசத்தில் மனுதாரரும், காற்புள்ளி, அவர் மகள் துர்காவும் மட்டுமே வசித்து வருகின்றனர். முற்றுப்புள்ளி.”

காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை.

மறுபடி படித்தாள். சொல் சொல்லாக.

ஒன்றுமில்லை. முருகையன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அதே மௌனம்.

“இதுல என்னா தப்பு?” என்று கத்தினாள். “நாங்க ரெண்டு பேருதான். வேற யாரும் இல்ல!”

காகிதத்தில் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது.

கொண்டையைத் தொட்டாள். பேனா அங்கேயே இருந்தது. மூடியோடு.

புள்ளி கோடானது. மெதுவாக, திருத்தம் போட்டுப் பழகிய கையின் நிதானத்தோடு, ‘மனுதாரரும்’ என்பதைக் குறுக்கே அடித்தது. காற்புள்ளியை அடித்தது. ‘அவர்’. ‘மகள்’.

அமுதவல்லி இடது உள்ளங்கையைத் துர்காவின் பெயர்மேல் அறைந்தாள். அழுத்திப் பிடித்தாள்.

“என்னய அடிச்சுக்க. இவ பேரு மேல கை வெக்காத.”

கோடு அவள் சுண்டுவிரல் ஓரம்வரை வந்தது. நின்றது. விரலில் ஈரம் பட்டது. சில்லென்று.

அது காத்திருந்தது. அவளும்.

வெளியே வேன் ஹாரன். தெருவில் சின்னச் செருப்புச் சத்தம். கதவில் தட்டல்.

“அம்மா! கதவத் தொற!”

எழுந்தால் கை எழும்.

“கண்ணு, உள்ள வராத!” தொண்டை கிழியக் கத்தினாள். “ரோட்லயே நில்லு! யாரு தொறந்தாலும் வராத!”

அவளுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. மை மணம் அவளைக் கடந்து வாசற்பக்கம் போனது.

“இதோ வர்றேண்டா.”

அமுதவல்லியின் குரல். அவள் வாய் மூடியிருந்தது.

தாழ்ப்பாள் மெல்ல மேலேறியது. சுண்டுவிரலடியில் சிவப்புக் கோடு காயாமல் காத்திருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.