டேங்க்கில் இல்லாத ஆயில்

நிக்கானோர் புஸ்தோஸ் ஆகஸ்ட் வெயிலில் பஸ் பிடித்து, அதற்குமேல் ஒரு மைல் நடந்து வந்திருந்தார். ஃப்ரெஸ்னோவில் சொந்த வண்டி வைத்திருக்கும் தோட்டக்காரர் யாரும் அப்படி வருவதில்லை. வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். நான்காக மடித்த ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

புல்வெட்டும் மிஷின், இலை ஊதும் ப்ளோயர் போன்றவற்றுக்குச் சின்ன இன்ஜின்கள் செய்கிற ஒரு கம்பெனியின் வாரண்டி அலுவலகம் அது. இருந்தவர்கள் இரண்டே பேர். பரிசோதகர் அராக்ஸி தொரோசியன், ஐம்பத்தெட்டு வயது, பேச்சில் மகா சிக்கனம். அவருக்கு உதவியாக மூன்று மாதத்துக்கு முன் வந்து சேர்ந்தவன் டூலி சியோங். முப்பத்தாறு வயதான டூலி அதற்கு முன்பு கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில், எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அதில் ஒரு மோசடி ஒளிந்திருப்பதாகவே அவனுக்கு மூக்கில் வியர்க்கும்.

காகிதத்தை அவன்தான் பிரித்துப் படித்தான். ஹோல்கம் சர்வீஸ் ஷாப் கொடுத்த அறிக்கை. முதுகில் மாட்டும் ப்ளோயர், வாங்கிப் பதினான்கு மாதம். ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓட்டியதால் பிஸ்டன் உரசி இறுகிவிட்டது. உபயோகித்தவரின் தவறு, வாரண்டி கிடையாது.

"புது இன்ஜின் கேட்டு மேல்முறையீடா?" என்றான் டூலி, பேனாவைத் திறந்துகொண்டே.

"இன்ஜின் கிடக்கட்டும் சார்," என்றார் நிக்கானோர். "நான் ஆயில் கலக்க மறந்தேனா இல்லையா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அராக்ஸி தெர்மாஸிலிருந்து கெட்டிக் காப்பியை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார். "உட்கார்ந்து சொல்லுங்க."

"நானும் எலெயூத்தெரியோவும் இருபத்திரண்டு வருஷமா சேர்ந்து தோட்ட வேலை பாக்குறோம். என் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன் அவன்தான். என் கொம்பாத்ரே. மரம் ஏறுறது அவன், பெட்ரோல்ல ஆயில் கலக்குறது நான். ஒரு நாளும் மாறினதில்ல. மூணு வாரம் முன்னாடி வியாழக்கிழமை, வேலை நடுவுல ப்ளோயர் கிறீச்சுன்னு கத்திட்டு நின்னுடுச்சு. ஷாப்ல இந்தக் காகிதத்தைக் குடுத்தாங்க. எலெயூத்தெரியோ படிச்சான். என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல தள்ளிப் போய் உட்கார்ந்தான்."

"நீங்க கலந்தது ஞாபகம் இருக்கா?"

"கலந்தேன்னுதான் இருக்கு. ஆனா ஞாபகத்தை எப்படி நம்புறது? எங்க அப்பாவுக்கு அறுபதுல ஆரம்பிச்சுது. மொதல்ல சாவியை மறந்தார். அப்புறம் என் பேரை மறந்தார். எனக்கு இப்ப அறுபத்தொண்ணு." அவர் காப்பியைத் தொடவில்லை. "வண்டிச் சாவியை மகள்கிட்ட குடுத்துட்டேன். ஆயிலை மறந்தவன் நாளைக்குப் பிரேக்கை மறக்க மாட்டானா?"

டூலி பேனாவை மூடிவிட்டான். அராக்ஸி மட்டும் முகம் மாறாமல் கேட்டார்: "என்ன ஆயில்?"

"நீல ஆயில். எப்பவும் அதே பிராண்டுதான்."

"அன்னிக்கு எங்கே வேலை?"

"கெர்மன் பக்கம், பாதாம் தோப்பு ஓரமா ஒரு வீடு. அறுவடை நேரம், மரத்தை உலுக்கிக்கிட்டிருந்தாங்க. அங்க தூசியில என் கையே எனக்குத் தெரியல. டேங்க் மூடியைத் திறந்தா மண்ணும் சேர்ந்துதான் உள்ள விழும்."

"போதும்," என்று அராக்ஸி எழுந்தார்.

வண்டியில் போகும்போதே டூலி வழக்கை முடித்துவிட்டான். "அராக்ஸி, அந்த ஷாப்காரன் ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான். இல்லாட்டி அந்தக் கொம்பாத்ரே தப்பான கேனை எடுத்து ஊத்திட்டு, பழியை நண்பர் தலையில போட்டிருக்கான்."

"ரெண்டு குற்றவாளி ஆச்சு. இன்னும் ஷாப் வரல. போய்ச் சேர்றதுக்குள்ள என்னையும் பிடிச்சுடாதே."

ஹோல்கம் ஷாப்பைப் பார்த்ததும் டூலி அசந்துதான் போனான். தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். ஷெட்டில் இருபது மிஷின்களுக்குமேல் வரிசையாக நின்றன; ஆனாலும் பெட்ரோல் வாடை துளிகூட இல்லை. மெக்கானிக் லைல், எழுபதை நெருங்கும் ஒல்லி மனிதர், ஏற்கெனவே பளபளத்த ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி வென்டெல் ஹோல்கம் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மிஷின் வந்த மறுநாள் காலைல, டேங்க்ல இருந்து என் கையாலயே எடுத்தது. பாருங்க, தண்ணி மாதிரி இருக்கு. ஆயிலே கிடையாது."

உண்மைதான். குப்பியில் நீல நிறத்தின் சாயல்கூட இல்லை. டூலி அவரை முறைத்தான். ஹோல்கமுக்குச் சுருக்கென்றது.

"என்ன தம்பி பார்வை? வாரண்டியில ரிப்பேர் பண்ணினா கம்பெனி எனக்குக் கூலி குடுக்குது. மறுத்தா ஒரு பைசா வராது. பொய் சொல்லி நான் என்ன கண்டேன்?"

"இவர் சொல்றது சரி," என்றார் அராக்ஸி. டூலியின் முதல் குற்றவாளி அதோடு விடுதலையானார்.

அராக்ஸி ப்ளோயரை மேசைமேல் கிடத்தி, டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு," என்றார். அதில் அழகாக என்ன இருக்கிறது என்று டூலிக்கு விளங்கவில்லை. வெறும் டேங்க், அடியில் ஒரு மண்துகள்கூட இல்லை.

பிறகு சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றினார். சிலிண்டரில் புகை வெளியேறும் துளை வழியே அவனைப் பார்க்கச் சொன்னார். டூலி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான்.

இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ இன்ஜின்களின் கோப்பைப் படித்திருக்கிறான். ஒன்றின் வயிற்றுக்குள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. டார்ச் வெளிச்சத்தில் பிஸ்டனின் பக்கவாட்டுப் பரப்பு, உழுத வயல்போலக் கீறிக் கிடந்தது. அடுத்து மறுபக்கத்துத் துளை வழியே பார்த்தான். அந்தப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய வரிகள், பதினான்கு மாதம் ஓடிய பிறகும், ஒன்றுவிடாமல் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டு. நிமிடத்துக்கு ஏழாயிரம் தடவை மேலும் கீழும் ஓடியிருக்கிறது. ஓடி நின்ற கடைசி நொடியைத் தன்மேல் எழுதி வைத்திருக்கிறது! சர்ச்சில்கூட அவன் அப்படிக் குனிந்ததில்லை.

"இன்னும் கீழே பார். பேரிங்," என்றார் அராக்ஸி.

அடியில் பேரிங் ஈரமாக மின்னியது.

"ஒருத்தரும் இதைத் தொட வேண்டாம்," என்றார் அராக்ஸி. "டூலி, ரெண்டு கொம்பாத்ரேயையும் மூணு மணிக்கு இங்க வரச் சொல்லு. எனக்கு ஒரு வெள்ளைத்தாளும் ஒரு பக்கெட் தண்ணியும் வேணும்."

மூன்று மணிக்கு எல்லாரும் ஷெட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். நாற்பது டிகிரி கொளுத்தியது. எலெயூத்தெரியோ, மலைபோல் உடம்பும் தொங்கு மீசையுமாக, ஓரத்தில் நின்றார். நிக்கானோர் மறு ஓரம். இருவருக்கும் நடுவே ஒரு லாரி நிறுத்தலாம்.

"ஆயில் இல்லாம ஓடின இன்ஜின் எப்படிச் சாகும்னு மொதல்ல சொல்றேன்," என்று அராக்ஸி தொடங்கினார். "ஆயில் இல்லன்னா எல்லா இடத்துலயும் இல்ல. பிஸ்டன் சுத்திச் சுத்திக் கீறும், பேரிங் காய்ஞ்சு நீலம் பாயும். இதுல அப்படியில்ல. கீறல் புகை போற பக்கம் மட்டும்தான். பேரிங் ஈரமா இருக்கு. ஆயில் வந்துக்கிட்டுதான் இருந்திருக்கு."

"ஆனா டேங்க்ல இல்லையே!" என்றார் ஹோல்கம்.

"அதான் கேள்வி. ஆயில் குடிச்ச இன்ஜின், ஆயில் இல்லாத டேங்க். டேங்க்குள்ள இன்னொண்ணும் இல்ல. டூலி, காலைல பார்த்தியே, என்ன இல்ல?"

டூலி முழித்தான். பிறகு சட்டென்று உறைத்தது. "மண்ணு! பாதாம் தோப்பு மண்ணு! மூடியைத் திறந்தாலே உள்ள விழும்னு இவர் சொன்னாரே!"

"கெர்மன்ல இருந்து ஆகஸ்ட் மாசம் வந்த ஒரு ப்ளோயர். டேங்க் மட்டும் கழுவின கிளாஸ் மாதிரி இருக்கு. யாரோ கழுவியிருக்காங்க." அராக்ஸி மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "இருபது மிஷின் நிக்கிற ஷெட்டுல பெட்ரோல் வாடையே இல்ல, லைல். ராத்திரி பூட்டுறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

லைல் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்தினார். "எல்லாத்தையும் காலி பண்ணுவேன். எண்பத்தெட்டுல ஒரு ஷெட்டு எரிஞ்சதைப் பார்த்தவன் நான். அப்புறம் சுத்தமான பெட்ரோலைக் கொஞ்சம் ஊத்தி அலசிக் கொட்டி..." அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "அடியில கொஞ்சம் நிக்கும். எப்பவும் நிக்கும்."

"அதையா நான் காலைல எடுத்தேன்?" என்றார் ஹோல்கம். அவர் முகம் கழுத்துவரை சிவந்தது. "ஏன்யா சொல்லல?"

"முப்பது வருஷமா அலசுறேன். நீங்க ஏன்யா கேக்கல?"

இதுவரை வாய் திறக்காத எலெயூத்தெரியோ முன்னே வந்தார். "இதெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்றது. கண்ணால பார்க்க ஏதாவது இருக்கா, சென்யோரா?"

"இருக்கு." கார்புரேட்டரின் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு ரப்பர் குமிழ் இருந்தது. "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதை அமுக்குவீங்க. டேங்க்ல இருக்கிற பெட்ரோல் கார்புரேட்டர் வழியா இதுக்குள்ள வரும். கடைசியா அமுக்கினப்போ எது வந்துச்சோ அது உள்ளேயே தங்கிடும். டேங்க்கை அலசினவர் இதை அமுக்கியிருக்க மாட்டார்."

"அதை ஏன் அமுக்கணும்?" என்று முனகினார் லைல்.

அராக்ஸி வெள்ளைத்தாளை வெயிலில் விரித்தார். இடப்பக்கம் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். வலப்பக்கம் ரப்பர் குமிழை மெல்ல அமுக்கினார். அதன் குழாய் முனையில் ஒரே ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. இரண்டும் ஈர வட்டங்களாகப் பரவின. இடப்பக்க வட்டம் சுருங்கியது, வெளுத்தது, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. வலப்பக்கத்திலும் பெட்ரோல் பறந்தது. ஆனால் அங்கே எண்ணெய்ப் பிசுக்காக, வானத்தின் நிறத்தில், ஒரு நீல வட்டம் நின்றது.

டூலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மனிதன் காலையில் ஒரு நிமிடம் செய்த வேலை. செய்தவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உலகத்தில் வேறு எங்கும் அதற்குத் தடயம் இல்லை. இருட்டில், ஒரு ரப்பர் குண்டுக்குள், ஒரு சொட்டு அதைக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறது. இதற்கெல்லாம் அதிசயப்படாமல் வேறு எதற்குத்தான் அதிசயப்படுவது என்று அவனுக்குத் தோன்றியது.

நிக்கானோர் தாளின் அருகே மண்டியிட்டார். தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்புறம் இன்ஜினைக் கொன்னது யாரு?" என்றார் ஹோல்கம்.

அராக்ஸி கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் ஓஸ் குழாயைப் பக்கெட்டில் முக்கி, கைப்பம்பால் காற்றடித்தார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப்போல எல்லாரும் குனிந்தார்கள். கிளிப் மூடியிருந்த இடத்திலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக எழுந்தன.

"கிளிப் மாட்டும்போது தொழிற்சாலையிலேயே விழுந்த கீறல். அது வழியா காத்து உள்ள போச்சு, பெட்ரோல் குறைஞ்சுது, சூடு ஏறி பிஸ்டன் இறுகிடுச்சு. இந்த மாநிலத்துல புகைக் கட்டுப்பாட்டு வாரண்டி இந்த ஓஸுக்கு ரெண்டு வருஷம் உண்டு. ஓஸால கெட்டுப்போன பிஸ்டனும் சிலிண்டரும் அதுலயே சேர்த்தி. தப்பு எங்க கம்பெனியோடது. அப்படியே எழுது, டூலி."

டூலி எழுதினான். கம்பெனிச் சம்பளத்தில் இருந்துகொண்டு கம்பெனியின் தவறை இத்தனை சாதாரணமாகச் சொல்லும் ஒருவரிடம் வேலை பார்ப்பதை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

நிக்கானோர் எழுந்தார். "அப்போ எனக்கு மறதி ஒண்ணும் இல்லையா, சென்யோரா?"

"நாளைக்கு என்ன ஆகும்னு இன்ஜினுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது," என்றார் அராக்ஸி. "ஆனா அந்த வியாழக்கிழமை நீங்க மறக்கல. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

நிக்கானோர் தலையசைத்தார். அப்போதுதான் எலெயூத்தெரியோவின் பக்கமிருந்து ஒரு தேம்பல் கேட்டது. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது.

"நான் பார்த்தேன், கொம்பாத்ரே," என்றார். "அன்னிக்குக் காலைல நீ கலந்ததை நான் பார்த்தேன். பாட்டிலைக் கவுத்து, அடியில தட்டினே. வண்டியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் இந்தக் காகிதம் வந்துச்சு. அச்சுல போட்டிருக்கு, கையெழுத்து இருக்கு. நான்தான் வேற ஒரு நாள் பார்த்ததை அன்னிக்குப் பார்த்ததா நினைச்சுக்கிட்டேன்னு என்னையே நம்ப வச்சுக்கிட்டேன்."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். லைல்கூட. மூன்று வாரம், ஒரு மனிதன் தன் மனமே கைவிட்டுப் போகிறதோ என்று பயந்து கிடந்திருக்கிறான். ஒரு வார்த்தையில் அவனை மீட்டிருக்கக்கூடியவன் சர்ச்சில் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்திருக்கிறான். டூலிக்கு அந்த மீசைக்காரரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

நிக்கானோர் மெதுவாக நடந்து போய் அவர் முன்னால் நின்றார். தோளில் கை வைக்கவில்லை, திட்டவும் இல்லை. தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஆறு மணிக்கு நான் வண்டி எடுத்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்," என்றார். "பெட்ரோலை நான்தான் கலப்பேன். நீ பக்கத்துல நின்னு பாரு. பார்த்துட்டு, பார்த்தேன்னு வாயைத் திறந்து சொல்லு."