மீட்டரில் மாறிய கண்

காலை பத்து மணி. ப்ரொஜெக்டர் ஓடியது, திரையில் படமும் விழுந்தது; ஆனால் படத்தில் உயிர் இல்லை.

அரங்கின் நடு இருக்கையில் உட்கார்ந்து தன் ஸ்பாட் மீட்டரைக் கண்ணில் வைத்தாள் அளவுக்காரி. தியேட்டர் தியேட்டராகப் போய்த் திரையின் வெளிச்சத்தை அளந்து சான்று தருவதுதான் அவள் பிழைப்பு. மீட்டருக்குள் தெரிந்த சின்னக் கறுப்பு வட்டத்தைத் திரையின் நடுவே நிறுத்தினாள். பதினான்கு காட்ட வேண்டிய இடத்தில் ஆறு.

முதலாளியும் ஆபரேட்டரும் கூட வர, கேபினுக்குப் போய் ப்ரொஜெக்டரை நிறுத்தித் திறந்தாள். போன வாரம் மாட்டிய புது லாம்ப் இல்லை. அந்த இடத்தில், கழற்றி ஓரமாக வைத்திருந்த பழைய லாம்ப்.

"ராத்திரி இந்த ரூமைப் பூட்டினது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா," என்றார் ஆபரேட்டர். "கடைசி ஷோ முடிஞ்சதும் தியேட்டர்ல இருக்கற மீட்டர்ல வெளிச்சத்தை அளந்து பார்த்தேன். பதினாலு இருந்துச்சு. மீட்டரை இந்த மேஜையில வச்சுட்டுப் பூட்டினேன்."

"காலையில அதைத் தொட்டீங்களா?"

"இல்ல. படம் மங்கல்னு கண்ணுக்கே தெரிஞ்சுது."

"வேற சாவி?"

"என் வீட்டு ஆணியில தொங்குது," என்று சீறினார் முதலாளி. "சுத்தி வளைக்காதீங்க. இருபது வருஷமா சோறு போட்ட இடத்துலயே கை வச்சுட்டான். போலீஸ் வந்துகிட்டு இருக்கு."

ஆபரேட்டரின் முகம் செத்துப்போயிற்று. "என் பொண்ணு முகத்துல எப்படிம்மா முழிப்பேன்?"

கதவில் சாய்ந்திருந்தான் முதலாளியின் மைத்துனன். லாம்ப் மாட்டும் ஃபிட்டர்; இருப்பது அக்கா வீட்டில். "புது லாம்பை மாட்டினதோட சரி. ஒரு வாரமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல," என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

ப்ரொஜெக்டரை மூடி மறுபடி ஓடவிட்டு, மேஜையிலிருந்த தியேட்டர் மீட்டரை எடுத்து, கேபின் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தாள் அளவுக்காரி. ஒரே கலங்கல். எண்ணும் தெரியவில்லை. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஃபிட்டரைக் கூப்பிட்டாள்.

"எவ்வளவு காட்டுதுன்னு கொஞ்சம் பாருங்க. நான் பிடிச்சுக்கறேன்."

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தான். "ஆறு."

அடுத்து ஆபரேட்டர் பார்த்தார். "கலங்கலா இருக்கேம்மா. ராத்திரி நல்லாத்தானே இருந்துச்சு?" முதலாளிக்கும் அதே கலங்கல்.

"மீட்டர் கெடல," என்றாள் ஃபிட்டரைப் பார்த்து. "கண்ணு வைக்கிற இடத்துல ஒரு வளையம் இருக்கு. அவங்கவங்க பார்வைக்குத் திருகிக்கணும். ராத்திரி இவர் கண்ணுக்கு இருந்தது, விடியறதுக்குள்ள கிட்டப்பார்வைக்காரர் கண்ணுக்கு மாறியிருக்கு. நீங்க கண்ணாடியைத் தூக்கிட்டு, வளையத்தைத் தொடாமலே படிச்சுட்டீங்க."

"திருட வந்தவன் எதுக்கு அளக்கணும்?" முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

"லாம்ப் மாட்டின கை அளந்து பார்க்காம விடாது. அவ்வளவு பழக்கம்."

ஃபிட்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டான். "லாம்ப் என் வண்டியிலதான் இருக்கு, மாமா."

முதலாளி ஆபரேட்டர் பக்கம் திரும்பினார்.

ஆபரேட்டர் மீட்டரை வாங்கி, வளையத்தைத் தன் கண்ணுக்குத் திருப்பினார்.

"லாம்பை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, மாட்டிடறேன். சாயங்காலம் ஷோ நிக்கக் கூடாது. நாளையிலேர்ந்து வேற ஆள் பார்த்துக்குங்க."

இருபது வருடம் இடுப்பில் கிடந்த சாவியை மேஜையில் வைத்தார். முதலாளி அதைத் தொடவில்லை.