நின்றால் ஏறும் முள்

பவ்யாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. கூடைக்குள் கருப்பட்டி. அது அவள் தோழி நிவேதிதாவின் பூனை. பெயருக்குப் பொருத்தமான நிறம், ஆனால் இனிப்பான குணம் மட்டும் கிடையாது.

போன வாரம்தான் நிவேதிதாவின் குடும்பம் முகப்பேரிலிருந்து வெள்ளானூருக்கு வீடு மாறியது. சாமான் ஏற்றிய அமளியில் கருப்பட்டி எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து நிவேதிதா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. இன்று காலை பழைய வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பூனை அகப்பட்டதும், "சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்துடறேன்" என்று பவ்யா போனில் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அப்பா ரவிச்சந்திரன் காரை எடுத்தார். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் நின்றபோது அவர் முகம் மாறியது.

"பவ்யா, இந்த முள்ளைப் பாரேன். இன்ஜின் சூட்டைக் காட்டுறது. மேல போகுது."

ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கினார். பச்சை விழுந்தது. கார் ஓட ஓட, முள் நல்ல பிள்ளையாக நடுவுக்கு வந்தது.

அடுத்த சிக்னலில் மறுபடி முள் ஏறியது. கருப்பட்டியும் கத்த ஆரம்பித்தது.

"ஓடினாத்தானே சூடாகணும்? சும்மா நிக்கும்போது ஏன் சூடாகுது?" என்றார் அப்பா.

பவ்யாவுக்கும் புரியவில்லை. முள்தான் பொய் சொல்கிறதோ என்று அப்பா அதன் மேல் தட்டிப் பார்த்தார். முள் அசரவில்லை.

திருமுல்லைவாயலில் பெரிய நெரிசல். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும், அப்பா காரை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார். பக்கத்து ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வந்தார். அவர் சட்டையில் கோதண்டம் என்று பேட்ஜ் இருந்தது.

"இன்னா சார், சூடாயிடுச்சா?"

"ஆமாங்க. ஓடினா இறங்குது, நின்னா ஏறுது."

"தலைகீழா கீதே. தண்ணி இல்லாம இருக்கும். ஆனா தண்ணி ஊத்துற மூடிய மட்டும் இப்ப தொறந்துடாத சார். ஆவி மூஞ்சில அடிக்கும்."

பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் கோடு வரை இருந்தது.

"அப்போ முள்ளுதான் கெட்டுப்போச்சு" என்றார் அப்பா.

கோதண்டம் இன்ஜின் பக்கம் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். "இல்ல சார், நெசமாவே கொதிக்குது. ஒண்ணும் புரியலையே."

அப்பா பெருமூச்சு விட்டார். "வண்டியை மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போகச் சொல்லணும். நாளைக்குப் போலாம்மா."

பவ்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிவேதிதா இப்போதே வாசலில் நின்றுகொண்டிருப்பாள். கூடைக்குள் கருப்பட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பவ்யா ஒரு அட்டையால் அதற்கு விசிறினாள். கத்தல் நின்றது. கை வலித்து நிறுத்தினாள். உடனே கத்தியது.

கார் ஓடும்போது இது கத்தவே இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. நின்றால்தான் காற்று இல்லை.

"அப்பா, ஓடும்போது இன்ஜின் மேலயும் காத்து அடிக்கும்ல? நின்னா அதுக்கு யாரு காத்து தருவா?"

"அதுக்குன்னே உள்ள ஒரு ஃபேன் கீது பாப்பா" என்றார் கோதண்டம்.

"அது சுத்துதா?"

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா சாவியை உருவிக்கொண்டு வந்து, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். ஃபேன் நடுவில் நைலான் நூல் கெட்டியாகச் சுற்றிக் கிடந்தது. நூலில் காய்ந்த சாமந்திப்பூக்கள் ஒட்டியிருந்தன.

"ஆயுத பூஜை மாலை" என்றார் அப்பா மெதுவாக. "போன வருஷம் ரோட்டுல விழுந்துடுச்சேன்னு, இந்த வருஷம் பானெட்டுக்குள்ள இழுத்துக் கட்டினேன். மாலையைக் கழட்டினேன், நூலை மறந்துட்டேன்."

"வண்டிக்கு மாலை போட்டது சரி சார். ஃபேனையும் சேத்துக் கட்டிட்டியே."

இன்ஜின் ஆறியதும் கோதண்டம் பிளேடால் நூலை அறுத்தார். ஃபேன் சுற்ற முடியாமல் திணறியதில் அதன் பியூஸும் போயிருந்தது. பியூஸ் பெட்டியின் மூடியிலேயே இருந்த உபரி பியூஸை மாட்டினார். அப்பா காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். முள் ஏறியது. பவ்யா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விர்ரென்று ஃபேன் சுற்றியது. முள் இறங்கியது.

ஆவடி சிக்னலில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. முள் நடுவிலேயே நின்றது.

இருட்டுவதற்குள் வெள்ளானூர் வந்துவிட்டது. நிவேதிதா ஓடிவந்து கூடையைத் திறந்தாள். பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பவ்யா நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"பாவம்டி, சூடு தாங்காம தவிச்சிருக்கு" என்றாள் நிவேதிதா.

கருப்பட்டி அவள் பிடியிலிருந்து நழுவியது. நேராகத் தாவி, வெதுவெதுப்பாக இருந்த பானெட் மேல் ஏறி, சுகமாகச் சுருண்டு படுத்துக்கொண்டது.

பவ்யா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"காருக்கு என்ன வேணும்னு கண்டுபிடிச்சுடலாம்ப்பா. பூனைக்குத்தான் முடியாது" என்றாள் பவ்யா.